பாஞ்சாலங்குறிச்சியை டைஸ் கையில விட முடியாது

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

புளியரையில இருந்து எழுதுறேன், செங்கோட்டை தாண்டி மலை ஏறுறதுக்கு முந்தி வர்ற ஊர், அதுக்கு மேல கோட்டவாசல், ஆரியங்காவு, அப்புறம் முழுக்க கேரளாதான். போன வாரம் உங்க வாசகர் கடிதம் பகுதியில ஒரு பெரியவர் எழுதியிருந்தார், வளந்த ஆம்பளைங்க வீட்ல டேபிள் மேல பொம்மைச் சிப்பாய்களை நிறுத்தி வெள்ளைக்காரன் நாடு புடிச்ச சண்டையை எல்லாம் ஆடுறாங்களாமே, அதுவும் எதிராளி கூட இல்லாம தனியா உக்காந்து ஆடுறாங்களாமே, இது அடிமைப்புத்தி இல்லாம வேற என்னன்னு கேட்டிருந்தார். எங்க வட்டாரத்துல இந்தக் கிறுக்கு புடிச்ச ஆளு எனக்குத் தெரிஞ்சு நான் ஒருத்தன்தான், அதனால அவர் என்னையத்தான் சொல்றாருன்னு எடுத்துக்கிட்டு பதில் எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், வெட்டினாலும் பரவால்ல, ஊமைத்துரை வர்ற எடத்தை மட்டும் வெட்டிராதீங்க.

பெரியவர் சொன்னதுல பாதி நியாயம் இருக்கு. ஆனா அவர் கோவப்பட்டிருக்கிறது தப்பான பாதி மேல.

முதல்ல ஆட்டம் என்னன்னு தெரியாதவங்களுக்கு. டேபிள் மேல மலை, ஆறு, ஊர், கோட்டை எல்லாம் சின்ன அளவுல செஞ்சு வச்சு, ரெண்டு விரக்கடை கூட இல்லாத சிப்பாய் பொம்மைங்களை படைப்பிரிவு படைப்பிரிவா நிறுத்தி, டேப்பு வச்சு அளந்து நகத்தி, டைஸ் உருட்டி யாரு விழுந்தா யாரு ஓடினான்னு முடிவு பண்றது. பிரஷ்யா நாட்டு ராணுவத்துல 1824லயே அதிகாரிங்களுக்குப் பயிற்சி குடுக்க இந்த மாதிரி ஒண்ணை வச்சு ஆடினாங்க, அப்புறம் 1913ல எச்.ஜி.வெல்ஸ் வீட்டுத் தரையில பொம்மைச் சிப்பாய் வச்சு ஆடுறதுக்கு ஒரு ரூல் புஸ்தகமே போட்டார், அந்த மனுஷன் சண்டையை வெறுத்த ஆளு, அது வேற கதை. இப்ப இதுல பல காலம் இருக்கு, நெப்போலியன் காலம், ரோமானியர் காலம், ரெண்டாம் உலகப்போர், அதுல ஒண்ணுதான் காலனி எல்லைச் சண்டைங்க, ஆப்கான் கணவாய், சூடான் பாலைவனம், தென்னாப்பிரிக்காவுல ஜூலு நாடு. 1879 ஜனவரி 22ஆம் தேதி ரோர்க்ஸ் டிரிஃப்ட்ங்கற எடத்துல பிரிட்டிஷ் படையில சுமார் 150 பேரு ஆயிரக்கணக்கான ஜூலு வீரர்களைத் தடுத்து நின்னாங்க, 11 பேருக்கு பிரிட்டிஷ்காரங்களோட பெரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் குடுத்தாங்க, அதைப் பத்திப் பேசாத ஆளே இந்த ஆட்டத்துல கிடையாது. அதே நாளு, பக்கத்துலயே இசாண்டில்வானாவுல ஜூலுக்காரங்க ஒரு பிரிட்டிஷ் படையவே முடிச்சுட்டாங்க, 1300 பேருக்கு மேல, அது பேச்சு வந்தா மட்டும் எல்லாருக்கும் தொண்டை கட்டிக்கும்.

இப்ப அந்த நியாயமான பாதிக்கு வர்றேன். தனியா ஆடுறதுக்குன்னு ரூல் இருக்கு. எதிராளி இல்லாததால எதிரிப் படைக்கு ஒரு அட்டவணை போட்டு வச்சிருப்பாங்க, உதாரணத்துக்கு எதிரி 12 இஞ்சுக்குள்ள வந்துட்டா டைஸ் உருட்டு, 1 2 விழுந்தா புதருக்குள்ள பதுங்கு, 3 4 விழுந்தா சுடு, 5 6 விழுந்தா கூச்சல் போட்டுக்கிட்டுப் பாய். நல்ல ஏற்பாடுதான், அடுத்து என்ன வரும்னு நமக்கே தெரியாது. ஆனா யாரு யோசிக்கிற பக்கம், யாரு டைஸ் பக்கம்னு பாருங்க. நான் பாத்த வரைக்கும் முக்காவாசி ரூல்ல மனுஷன் ஆடுறது சிவப்புக் கோட்டு போட்ட கிழக்கிந்தியக் கம்பெனி படையை, டைஸ் ஆடுறது உள்ளூர்க்காரனை. பட்டாணியன், ஜூலு, பாளையக்காரன் எல்லாருக்கும் ஒரே அட்டவணை. வெள்ளைக்காரனுக்கு திட்டம் இருக்கும், உள்ளூர்க்காரனுக்கு வெறிதான் இருக்கும்ங்கற மாதிரி. பொம்மையில தப்பு இல்ல ஐயா, சண்டையை ஆடுறதுலயும் தப்பு இல்ல, அடிமைப்புத்தி இருக்குன்னா அந்த அட்டவணையிலதான் இருக்கு, பெரியவர் கையை வைக்க வேண்டிய எடம் அது.

அதனால நான் ஆட்டத்தைத் திருப்பிப் போட்டுட்டேன். என் டேபிள்ல கம்பெனி படைதான் இயந்திரம், பாளையக்காரர் பக்கம்தான் நான்.

இது வீம்புக்குச் செஞ்சது இல்ல, நடந்ததைப் பாத்தாலும் அப்படித்தான் வருது. கட்டபொம்மனை 1799 அக்டோபர்ல கயத்தாத்துல தூக்குல போட்டு கோட்டையை இடிச்சுத் தரைமட்டம் ஆக்கிட்டாங்க, தம்பி ஊமைத்துரையைப் பாளையங்கோட்டை சிறையில அடைச்சாங்க. 1801 பிப்ரவரி 2ஆம் தேதி மேஜர் மெக்காலே தோட்ட வீட்ல வெள்ளைக்கார துரைங்களும் துரைசானிங்களும் விருந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது ஊமைத்துரையும் கூட இருந்தவங்களும் தப்பிச்சாங்க. அந்த நாளைத் தேர்ந்தெடுத்தவன் டைஸ் உருட்டியா தேர்ந்தெடுத்தான்? ஒரு வாரம் கழிச்சு மெக்காலே படையோட பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்தா, தரைமட்டமா கெடந்த கோட்டை நிமிந்து நிக்குது. இருக்கிற படை பத்தாதுன்னு வந்த வழியே பாளையங்கோட்டைக்குத் திரும்பிட்டார். கூடுதல் படையோட மறுபடி வந்து மார்ச் 31ஆம் தேதி பீரங்கி வச்சு சுவத்தை உடைச்சு ஆளை ஏத்தினாங்க, உடைச்ச எடத்துல உச்சி வரைக்கும் ஏறினவன் எல்லாம் நிக்கக் கால் வைக்க எடம் இல்லாம உள்ளாற இருந்து நீண்ட ஈட்டியில விழுந்தான், தாக்குதல் தோத்துப் போச்சு. அப்புறம் கர்னல் அக்னியூ பெரிய பீரங்கிங்களோட வந்து சேந்து மே 24ஆம் தேதிதான் கோட்டை விழுந்துச்சு. கிட்டத்தட்ட ரெண்டு மாசம் கம்பெனி படை என்ன பண்ணுச்சு, உத்தரவுக்கும் பீரங்கிக்கும் காத்துக்கிட்டு உக்காந்திருந்துச்சு. அட்டவணையில அடக்கணும்னா எந்தப் படையை அடக்கலாம், நீங்களே சொல்லுங்க.

கம்பெனி படைக்கு நான் டைஸ் அட்டவணை கூட வைக்கல, ரம்மி ஆடுற சீட்டுக்கட்டுதான். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு சீட்டு, ஆட்டின் வந்தா ஆறு இஞ்சு முன்னால போகணும், டைமன் வந்தா பீரங்கி சுடும், கிளாவர் வந்தா நின்ன எடத்துலயே வரிசையா சுடணும், இஸ்பேட் வந்தா உத்தரவு வரலைன்னு அர்த்தம், சும்மா நிக்கணும், தலையில ஈட்டி விழுந்தாலும் சரி. ராஜா சீட்டு வந்தா மட்டும் அதிகாரி சொந்தப் புத்தியில ஏதாவது பண்ணலாம், அது அந்தக் காலத்துல எவ்வளவு அபூர்வமோ சீட்டுக்கட்டுலயும் அவ்வளவு அபூர்வம். ஜோக்கர் வந்தா வெளியூர்ல இருந்து கூடுதல் படை. ஜோக்கர் சீக்கிரம் வந்துட்டா நம்ம கதை கந்தல், எப்ப வரும்னு தெரியாம உக்காந்திருக்கிறதுலதான் முழு ஆட்டமும் இருக்கு, முற்றுகையில மாட்டினவனுக்கு அப்படித்தானே இருந்திருக்கும்.

இது நமக்கு என்னமோ புதுசு மாதிரி பேசுறாங்க. நம்ம திண்ணையில கோடு போட்டு ஆடின ஆடுபுலி ஆட்டம் என்ன? 3 புலி, 15 ஆடு, ரெண்டு பக்கத்துக்கும் ஆள் கணக்கு வேற, பலம் வேற, ஜெயிக்கிற வழி வேற. புலி வெட்டித் தின்னு ஜெயிக்கணும், ஆடு சுத்தி வளைச்சு ஜெயிக்கணும். எல்லைச் சண்டை ஆட்டமும் இதேதான், துப்பாக்கி வரிசை ஒரு பக்கம், ஆள் பலமும் நெலம் தெரிஞ்ச புத்தியும் இன்னொரு பக்கம். யாரும் வராத மத்தியானத்துல எங்க ஆச்சி ரெண்டு பக்கமும் தானே ஆடும், அதை யாரும் கிறுக்குன்னு சொன்னது இல்ல.

கோட்டை செய்றது பத்திக் கொஞ்சம் சொல்லியாகணும், ஏன்னா என் காலம் அதுலதான் போகுது. பாஞ்சாலங்குறிச்சிச் சண்டையில இருந்த ஜேம்ஸ் வெல்ஷ்ங்கற வெள்ளைக்கார அதிகாரி பின்னால 1830ல தன் நினைவுகளை எழுதி வெளியிட்டார். அதுல சொல்றபடி கோட்டை ஒரு கோணல் நீள்சதுரம், ரெண்டு பக்கம் சுமார் 500 அடி, மத்த ரெண்டு பக்கம் சுமார் 300 அடி, சுவர் சுமார் 12 அடி உயரம், சுத்தி முள்வேலி, எல்லாமே மண்ணு. 10 அடிக்கு ஒரு இஞ்சுன்னு வச்சா கோட்டையே 50 இஞ்சுக்கு 30 இஞ்சு வரும், எங்க சாப்பாட்டு மேசை அதோட முடிஞ்சிடும், கம்பெனி படை அடுப்படியிலதான் கேம்ப் போடணும். அதனால 25 அடிக்கு ஒரு இஞ்சு, 20க்கு 12, கச்சிதம். ஆனா சுவர் உயரத்துக்கு அந்தக் கணக்கு ஆகாது, பொம்மை ஆள் உயரத்துக்குத்தான் சுவர் இருக்கணும், 72ல ஒரு பங்கு அளவு பொம்மைக்கு 12 அடி சுவர்னா சரியா ரெண்டு இஞ்சு. தெர்மாகோல் வெட்டி, மேல செம்மண்ணும் ஃபெவிகாலும் கொழச்சுப் பூசி, முள்வேலிக்குத் தேங்காய் நாரைப் பிச்சு ஒட்டுனா தத்ரூபமா இருக்கும். வெளிநாட்டு மெட்டல் பொம்மை வெலைக்கு எங்க பக்கம் ஆட்டுக்குட்டியே வாங்கிரலாம்னு வீட்ல திட்டு, அதனால படம் வரைஞ்சு கெட்டி அட்டையில ஒட்டி வெட்டி, அடியில ஹார்டுவேர் கடை வாஷர் ஒட்டிருவேன், ஃபேன் போட்டாலும் விழாது. குத்தால சீசன்ல சாரக்காத்து ஜன்னல் வழியா வந்தா மட்டும் கொஞ்சம் ஆடும்.

மண்சுவருக்கு ஒரு ரூல் வச்சிருக்கேன், அது என் பெருமை. கல்லுக்கோட்டைன்னா குண்டு பட்டா கல்லு பேந்து விழும், கெட்டியான மண்ணு குண்டை முழுங்கிடும். அதனால ஒரே எடத்துல திரும்பத் திரும்ப அடிச்சாத்தான் சரியும், எடம் மாத்தி அடிச்சா கணக்கு மறுபடி சைபர்ல இருந்து. சீட்டு பாத்து நகர்ற கம்பெனி பீரங்கி அடிக்கடி எடத்தை மாத்தும், மறுபடி மறுபடி சைபர், அப்ப எனக்கு வர்ற சந்தோஷம் இருக்கே.

இப்ப ஊமைத்துரை. அவருக்குப் பேச்சு வராது, சைகையிலதான் படையையே நடத்தினார். வழக்கமான ரூல்ல தளபதிக்கு 12 இஞ்சு சத்தம் கேக்குற தூரம்னு ஒண்ணு இருக்கும், அதுக்குள்ள இருக்கிற பிரிவு உத்தரவைக் கேக்கும். ஊமைத்துரைக்கு அதை வைக்க முடியுமா? அவருக்கு நான் வச்சது பார்வை தூரம், அவர் கையைப் பாக்க முடியற எடத்துல இருக்கிறவன் எத்தனை இஞ்சு தள்ளி இருந்தாலும் கேப்பான், நடுவுல சுவரோ புகையோ இருந்தா ரெண்டு இஞ்சுலயும் கேக்க மாட்டான். அந்தக் காலத்து துப்பாக்கி நாலு தடவை சுட்டா எதிர்ல இருக்கிறவன் தெரியாத அளவுக்குப் புகை, அதனால கம்பெனி அதிகம் சுடச் சுட ஊமைத்துரை கை கட்டிப் போன மாதிரி ஆயிடும், எங்க நிக்கணும்னு ஒவ்வொரு முறையும் யோசிச்சுக்கிட்டே இருக்கணும். டைஸ்க்கு இந்த யோசனை வராது.

பெரியவர் கட்டாயம் படிக்க வேண்டிய எடம் இதுதான். அதே வெல்ஷ் எழுதியிருக்கார், ஊமைத்துரை வைக்கோல் துரும்புங்களைப் பொறுக்கி இடது உள்ளங்கையில வரிசையா வச்சு, இதுதான் இங்கிலீஷ்காரன் படைன்னு காட்டி, எந்த நேரம்னு சைகையில சொல்லி, இன்னொரு கையால ஒரே இழுப்புல எல்லாத்தையும் தள்ளி வாயால உஸ்ஸுன்னு சத்தம் விடுவாராம், அதுதான் பாயச் சொல்லி உத்தரவாம். எதிரிப் படையைச் சின்னதா செஞ்சு கையில வச்சு அதை எப்படி அழிக்கறதுன்னு காட்டுறது, ஐயா, இதுக்குப் பேரு என்ன? பிரஷ்யாக்காரன் 1824ல பண்ணினதை பாஞ்சாலங்குறிச்சிக்காரர் 1801லயே துரும்புல பண்ணிட்டார். வெள்ளைக்காரன் வெளையாட்டை இங்க எதுக்கு ஆடுறேன்னு கேக்குறவங்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

கோட்டை விழுந்த அப்புறமும் என் ஆட்டம் முடியாது. காயம்பட்டுப் பொணத்தோட பொணமா கெடந்த ஊமைத்துரையை ஊர்ப் பொம்பளைங்க தூக்கிக்கிட்டுப் போகும்போது கம்பெனி பக்கம் நின்ன எட்டயபுரத்து ஆளுங்க தேடிக்கிட்டு வந்தாங்க, துணியைப் போட்டு மூடி அம்மை போட்டிருக்குன்னு சொன்னதும் பயந்து விலகிட்டாங்க. அதனால என் சீட்டுக்கட்டுல ஒரு அம்மைச் சீட்டு தனியா இருக்கு, ஊமைத்துரை விழுந்தா அதை ஒரே ஒரு தடவை போடலாம், போட்டா தேடி வர்ற பிரிவு பத்து இஞ்சு பின்னால போகணும். கம்பெனி ராணுவத்தை அடுப்படியில இருந்து வந்த நாலு பொம்பளைங்க ஏமாத்தினதுக்கு எந்த ரூல் புஸ்தகத்துலயும் எடம் இல்ல, என் டேபிள்ல இருக்கு. அதுக்கப்புறம் அவர் மருது சகோதரர்களோட சேந்து சண்டை போட்டு, கடைசியில புடிபட்டு 1801 நவம்பர்ல அதே பாஞ்சாலங்குறிச்சியில தூக்குல போனார்ங்கறது எல்லாருக்கும் தெரியும்.

எட்டயபுரம்னு சொன்னதும் சிலருக்கு முகம் மாறும். மாறட்டும். கம்பெனி பக்கம் நின்னவன் முக்காவாசி நம்மாளு, சிவப்புக் கோட்டுக்குள்ள தமிழும் தெலுங்கும் பேசின சிப்பாய்ங்கதான், கூட நம்ம பாளையத்து ஆளுங்களும். அட்டையில சிப்பாய்க்கு முகத்துக்குக் கலர் அடிக்கும்போது கை தன்னால கறுப்பைத்தான் தேடும், வெள்ளை டப்பா அதிகாரிங்களுக்கு மட்டும் போதும். சினிமாவுல பாத்து ரெண்டு பக்கமும் ரெண்டு நிறம்னு நெனச்சுக்கிட்டு இருந்த எங்க தெருப் பையங்க இந்த டேபிளைப் பாத்துத்தான் ஏன் மாமா இவனும் நம்மாளு மாதிரியே இருக்கான்னு கேட்டானுங்க. அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லி முடிக்கல, சொல்லி முடிக்கிற கேள்வியும் இல்ல அது.

ஆரியங்காவுல ஒரு சேட்டன் இருக்கார், லாரி ஓட்டுறவர், செக்போஸ்ட்ல வண்டி நிக்கும்போது வீட்டுப் பக்கம் வந்து எட்டிப் பாப்பார். அண்ணாச்சி, எங்க வேலுத்தம்பி தளவாவை எப்ப ஆடப் போறீங்கன்னு அவருக்கு ஒரே நச்சரிப்பு. வேலுத்தம்பி கம்பெனியை எதிர்த்து சண்டை போட்ட திருவிதாங்கூர் தளவா, அதாவது திவான். உங்க வேலுத்தம்பியா, 1956 நவம்பர் வரைக்கும் செங்கோட்டையே திருவிதாங்கூர்தானே சேட்டா, எங்களுக்கும் அவர் தளவாதான்னு சொல்லிட்டு ஆரல்வாய்மொழிக் கணவாய்ச் சண்டையைச் செஞ்சேன். 1809ல கணவாயை அடைச்சுக் கட்டின அரண், ரெண்டு பக்கமும் மலை, நேரா வந்தா பீரங்கி. பிப்ரவரி 10ஆம் தேதி விடியறதுக்குள்ள ராத்திரியோட ராத்திரியா தெக்கு மலையில ஏறி மேல இருந்து எறங்கின பிரிவுக்குத் தலைமை யாருன்னா அதே வெல்ஷ், அப்ப திருவிதாங்கூர்ல கம்பெனி ரெசிடென்ட், அதாவது கம்பெனியோட பிரதிநிதி, யாருன்னா அதே மெக்காலே. பாளையங்கோட்டையில விருந்து சாப்பிட்டவர் எங்க ஊருக்கும் வந்து உக்காந்துட்டார்னு சேட்டன் சிரிச்சார். ராத்திரி தாக்குதலைத் தனியா ஆடுறதுல ஒரு சிக்கல், எதிரி எந்தப் பக்கமா ஏறுவான்னு நமக்கே தெரியுமே. அதனால வடக்கு மலை, கணவாய், தெக்கு மலைன்னு மூணு வழிக்கும் ஒவ்வொரு சீட்டைக் குப்புற வச்சு, மூணுல ஒண்ணுதான் நெசமான படை, எதுன்னு திறந்தாத்தான் தெரியும், திறக்கணும்னா காவல் ஆளை அங்க அனுப்பணும், அனுப்பினா இன்னொரு பக்கம் காலி. சேட்டன் ஒரு தடவை உக்காந்து தளவா பக்கம் ஆடினார், மூணு வழிக்கும் ஆளைப் பிரிச்சு எல்லா எடத்துலயும் தோத்தார், இது கள்ளக்களி, கள்ளாட்டம்னு எந்திரிச்சுப் போனவர் மறுநாளே வந்துட்டார்.

ஐயா, கடைசியா உங்ககிட்ட ஒரு வேண்டுகோள், இந்தக் கடிதமே இதுக்குத்தான்னு கூட வச்சுக்கலாம். உங்க சிறுவர் இணைப்புல வாரா வாரம் புள்ளிகளை இணை, வழி கண்டுபிடின்னு வருதே, ஒரு வாரம் அதுக்குப் பதிலா வெட்டி ஒட்டுற மாதிரி சிப்பாய் படம் போடுங்க. ஒரு பக்கத்துல பாளையக்காரர் படை, ஈட்டியும் வளரியும் திரி துப்பாக்கியும் வச்சவங்க, இன்னொரு பக்கத்துல கம்பெனி சிப்பாய்ங்க, எட்டயபுரத்துக்காரங்களை விட்றாதீங்க, ஆள் உயரம் ஒரு இஞ்சு இருந்தா போதும், பின்பக்கம் விளம்பரம் மட்டும் போட்டா வெட்டும்போது யாருக்கும் நஷ்டம் இல்ல. அரைப் பக்கத்துக்கு ரூல் நானே எழுதித் தர்றேன், காசு வேண்டாம். நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர்னு புலித்தேவர் கோட்டைங்க எங்க மாவட்டத்துலயே இருக்கு, பிள்ளைங்களுக்குப் புடிச்சிருந்தா அடுத்து அதை எடுக்கலாம், கம்பெனி தளபதி யூசுப்கான் பீரங்கியோட வர்ற கதை இன்னும் நல்லா இருக்கும். ஒண்ணே ஒண்ணு, உங்க ஓவியர் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை வரையும்போது 1974ல அரசாங்கம் கட்டின நினைவுக் கோட்டையைப் பாத்து வரைஞ்சிடாம பாத்துக்கோங்க, பழைய கோட்டை மண்கோட்டை, சுவர் 12 அடிதான், சுத்தி முள்வேலி கட்டாயம் இருக்கணும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
புளியரை, தென்காசி மாவட்டம்.